பிடரி

அவன் முகத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
சிரில் வ்ராபெக்கின் பிடரியைக் கேளுங்கள், சொல்கிறேன்.

திருப்பிப் போட்ட தொப்பியின் முனைக்கும்
சட்டைக் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் இடம்.
அதில் இரண்டு மடிப்பு, ஒரு மச்சம்,
ஜூலை பிறந்தால் உப்பு.
பதினாறு வருடம் அதைப் பார்த்து நின்றேன்.
அவன் கேட்சர், நான் அம்பயர்.
அவன் குந்துவான், நான் அவன் தோளுக்கு மேல் குனிவேன்,
பேருந்தின் முன்சீட்டும் பின்சீட்டும் போல
இருவருக்கும் ஒரே திசை.

யங்ஸ்டவுனில் எஃகு உலைக்காரர் வீட்டுப் பிள்ளை.
அவன் அப்பாவின் பாஷையில்
வ்ராபெக் என்றால் சிட்டுக்குருவியாம்.
நூறு கிலோக் குருவி.
அது சிறகடிக்குமா என்று
இரண்டாம் பேஸைத் திருட ஓடியவர்களைக் கேளுங்கள்.
பாதி வழியில் பந்து அவர்களைத் தாண்டிப் போயிருக்கும்.

திரும்பிப் பார்த்து வாதாட மாட்டான்.
நாற்பதாயிரம் பேர் முன்னால்
அம்பயரை அசிங்கப்படுத்துவது அது.
பிட்சரைப் பார்த்தபடியே கேட்பான்:
"அது எங்கே போனது, மிஸ்டர் டீட்ஸ்?"
"வெளியே."
"எவ்வளவு?"
"ஒரு முட்டை அகலம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"சின்னக் கோழி போல."

ஐம்பத்தெட்டு மே மாதம்
மட்டையில் உரசிய பந்து
என் தொண்டைக்குழியில் இறங்கியது.
அம்பயர் விழக் கூடாது. மூச்சு இல்லை, நின்றேன்.
வ்ராபெக் எழுந்தான்,
கல்யாணப் பெண் நடையில் பிட்சரிடம் போனான்,
பேசினான், பேசினான்,
எனக்கு மூச்சு வந்த பிறகுதான் திரும்பினான்.
அப்படி என்ன ஆலோசனை என்று
பின்னொரு நாள் பிட்சரைக் கேட்டேன்.
ஏரி மீன் விலை ஏறிவிட்டதாம்.

அவன் கட்டைவிரல் பிசகிய நாளில்
நான் கூட்டத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து
தூசியே இல்லாத பிளேட்டை
மூலை மூலையாகத் துடைத்தேன்.
ஐந்து மூலை. மெதுவாக.
பின்னால் எலும்பை இழுத்து இருத்தும் சத்தம்.
"போதும், வெள்ளையாகிவிட்டது" என்றான்.

இதையெல்லாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.
எழுதியது: ஒரு கோப்பை,
முழங்காலில் நான்கு அறுவை,
சுமாரான மட்டை.

எழுதியது இன்னொன்றும் உண்டு.
அறுபத்து மூன்று, கடைசி நாள், கடைசி இன்னிங்ஸ்.
முழங்கால் உயரத்தில் வந்த பந்து,
அவன் கையுறை அசையவே இல்லை.
பால் என்றேன்.
ஆள் நடந்தான், அடுத்தவன் அடித்தான்,
அந்த வருடம் அதோடு முடிந்தது.
எங்கே போனது என்று அன்று அவன் கேட்கவில்லை.
புதுப் பந்துக்காகப் பின்னால் கை நீட்டினான்.
வைத்தேன்.

கடைசி ஆண்டு, ஆகஸ்டு.
குந்தியவன் எழ முடியாமல்
என் காலணி மேல் கை ஊன்றினான்.
நான் நகரவில்லை.
அடுத்த வசந்தத்தில் அங்கே வேறொரு பிடரி,
இளசு, சிவப்பு, வாய் ஓயாது.

போன மாதம் அவனுக்கு வெண்கலத்தில் முகம் வைத்தார்கள்.
என்னையும் அழைத்திருந்தார்கள்.
கை கொடுத்தான்.
ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு ஊருக்கு வழி காட்டியது.
கண் பழுப்பு என்று அன்றுதான் தெரியும்.
"அது ஸ்ட்ரைக்" என்றேன்.
எந்த வருடம், எந்தப் பந்து என்று அவன் கேட்கவில்லை.
"அடுத்த ஏப்ரலில் முதல் ஆட்டத்தில்
ஒரே இன்னிங்ஸில் மூன்று தடவை பிளேட்டைத் துடைத்தீர்கள்,
அப்போதே தெரியும்" என்றான்.
அவன் மகள் கேக் எடுத்து வந்தாள்.

எல்லோரும் போன பிறகு
சிலை முன்னால் நின்றேன்.
மூக்கு அச்சு அசல் என்று பேசிக்கொண்டார்கள்,
இருக்கலாம்.
பக்கவாட்டில் நகர்ந்து
பின்னால் எட்டிப் பார்த்தேன்.

சுவர்.